நீலம் முக்காத சல்லடை

ஆசிட் எத்தனை பங்கு, தண்ணீர் எத்தனை பங்கு என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். கண்ணில் தெறித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதற்குக் கீழேயே இருக்கிறது. அதைத் திரும்பச் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. துறைத் தலைவர் போன் செய்து, "அக்கா, ஆய்வுக்கூடத்துக்குப் புதுசா ரெண்டு பேர் வந்திருக்காக. உங்க அனுபவத்த ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்று கேட்டார். நல்லதாக நாலு விஷயம் எழுதலாம் என்று மூன்று நாள் முயற்சி செய்தேன். நான் சரியாகச் செய்த வேலை எதுவும் எழுதும்படியாக இல்லை. தப்பாகச் செய்த ஒன்றுதான் வந்து முன்னால் நிற்கிறது. அதையே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. ராயப்பன்பட்டிக்காரி. நம் கல்லூரியின் நிலவியல் துறையில் இருபத்தெட்டு வருடம் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தேன். கல்லை உடைக்க, கரைக்க, சலிக்க, பொறுக்க. இந்த நாலும்தான் வேலை. நீங்கள் இரண்டு பேரும் எம்.எஸ்சி. படித்தவர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் பிளஸ் டூ. ஆனால் சல்லடைக்கு யார் என்ன படித்தார்கள் என்பது தெரியாது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

கல் என்றதும் நம் ஊர்க் கல் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பம் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். ஆனால் அந்த மலை மொத்தத்தையும் உடைத்துப் பார்த்தாலும் ஒரு சிப்பி கிடைக்காது. பூமிக்குள் ஆழத்தில் வெந்து மேலே வந்த பாறை அது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சின்னமனூர்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் கிணறு வெட்டும்போது கிடைத்த கல்லைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். கல்லின் மேல் கறுப்பாக, கிளை கிளையாக, அச்சு அசல் செடி. அப்போதிருந்த பேராசிரியர் பார்த்துவிட்டு, "இது செடியில்லங்க. கல்லு வெடிப்புல தண்ணி எறங்கி மாங்கனீசு கறை புடிச்சிருக்கு" என்றார். தோட்டக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன் சார், இலை தெரியுது, காம்பு தெரியுது, செடியில்லங்கிறீக. படிச்சவுகளுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கல்லைத் திரும்பத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஆசைப்பட்டவன் கண்ணுக்குக் கறைகூடச் செடியாகத் தெரியும் என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். என் கண்ணும் அதே கண்தான் என்று அப்போது தோன்றவில்லை.

நாங்கள் கரைத்த கல்லெல்லாம் இமயமலையிலிருந்து வந்தது. கேம்பிரியன் காலத்தின் தொடக்கத்தில், அதாவது ஐம்பது கோடி வருடத்துக்கும் முன்னால், அந்த இடம் கடல். உடம்பைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்ட முதல் சில உயிர்கள் அந்தக் கடலில் இருந்தன. அதில் ஒன்றுக்குப் பெயர் அனபரைட்டிஸ். சின்னக் குழாய். ஒரு முனை குறுகலாக, மறுமுனை விரிந்து இருக்கும். குழாயின் நீளத்துக்கு மூன்று பள்ளம் ஓடும். குறுக்கே உடைந்ததைப் பார்த்தால் முருங்கைக்காயை நறுக்கி வைத்த மாதிரியே இருக்கும், ஆனால் கடுகைவிடச் சின்னது. அதனால் எங்கள் ரூமில் அதற்கு முருங்கைக்காய் என்றே பெயர். உள்ளே என்ன பிராணி இருந்தது, அதற்குக் கண் இருந்ததா, கை இருந்ததா, எதுவும் யாருக்கும் தெரியாது. அதன் ஓடுகூட நமக்குக் கிடைப்பதில்லை. ஓட்டுக்குள் நிரம்பி இறுகிய பாஸ்பேட் அச்சுத்தான் ஆசிட்டில் கரையாமல் மிஞ்சும்.

கல்லை வாரக்கணக்கில் நீர்த்த அசிட்டிக் ஆசிட்டில் ஊற வைப்போம். ரூம் முழுக்க ஊறுகாய் நாற்றம் அடிக்கும். மிஞ்சும் தூளை மெல்லிய பித்தளைச் சல்லடையில் சலித்து, காயவைத்து, மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே ஒற்றை முடி பிரஷ்ஷை நனைத்துத் தொட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்குவோம்.

ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் சல்லடையைக் கழுவ வேண்டும். கழுவினால் மட்டும் போதாது. முந்தைய கல்லின் துணுக்கு சல்லடைக் கண்ணில் மாட்டியிருந்து அடுத்த கல்லின் தூளோடு விழுந்தால் யாருக்குத் தெரியும்? அதனால் கழுவிய சல்லடையை மெத்திலீன் நீலக் கரைசலில் முக்கி எடுப்போம். மாட்டியிருக்கும் துணுக்கு நீலமாகிவிடும். பிறகு பொறுக்கும்போது நீலமாக எது கண்ணில் பட்டாலும் அது பழைய கல்லின் ஆள் என்று ஒதுக்கிவிடலாம். இரண்டு நிமிட வேலை.

இனி தனத்தைச் சொல்கிறேன். முழுப்பெயர் தனலட்சுமி. ஆண்டிபட்டிப் பிள்ளை, அப்பா தறி நெய்கிறவர். நம் துறையில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து, தினமும் ஆண்டிபட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போனாள். கடுமையான உழைப்பாளி. இமயமலைக்குப் போய், ஒரே பாறைச் சரிவில் அடியிலிருந்து மேல்வரை அடுக்கடுக்காகக் கல் உடைத்து, நம்பர் போட்டு, தானே மூட்டை கட்டி ரயிலில் கொண்டுவந்தாள். பன்னிரண்டாம் நம்பர் அடுக்கில் முருங்கைக்காய் ஏராளம், அது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததுதான். அதற்கு வெகுவாகக் கீழே, இன்னும் பழைய காலத்தில் படிந்த ஏழாம் நம்பர் அடுக்கில் யாரும் எதையும் பார்த்ததில்லை. அங்கே ஒன்றே ஒன்று கிடைத்தாலும் அந்தப் பிராணி அந்தக் கடலுக்கு வந்த காலம் நினைத்ததைவிட முன்னதாகிவிடும்.

ஏழாம் நம்பரைச் சலிக்க வேண்டிய வாரம் நீலம் தீர்ந்துபோயிருந்தது. வாங்கித் தரச் சொல்லி ஆபீஸுக்கு இண்டென்ட் போட்டேன். "திங்கக்கிழமை வந்துரும்மா" என்றார்கள் ஆபீஸில். தனம் கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்ப வேண்டிய கெடு சனிக்கிழமை. வியாழக்கிழமை காலையில் பன்னிரண்டாம் நம்பரைச் சலித்து முடித்தேன். மத்தியானம் ஏழாம் நம்பர் தயாராக இருந்தது, குழாயில் தண்ணீரும் இருந்தது. மறுநாள் தண்ணீர் வருமோ வராதோ. சல்லடையைக் குழாயடியில் வைத்து பிரஷ் போட்டு இரண்டு தடவை தேய்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. ஏழாம் நம்பரை ஊற்றினேன்.

இதில் எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அல்லிநகரத்தில் நான் பஸ் ஏறும் இடத்துக்குப் பக்கத்திலேயே கலர் மீன் கடை இருக்கிறது. மீனுக்கு நோய் வந்தால் தொட்டியில் விடுவதற்கு அதே நீலத்தைத்தான் சின்னக் குப்பியில் விற்கிறார்கள். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆபீஸ் வாங்கித் தர வேண்டியதை நான் எதற்கு வாங்க வேண்டும் என்ற வீம்பு. அந்த வீம்புக்கு என்னிடம் நியாயம் இருந்தது. நியாயம் இருக்கிறது என்று சல்லடையிடம் போய்ச் சொல்ல முடியாது.

சாயங்காலம் ரிஜிஸ்டரை எடுத்தேன். கல் நம்பர், ஆசிட், சல்லடை, நீலம், உலர்த்தல் என்று கட்டம் போட்ட ரிஜிஸ்டர். அன்றைய வரிசைகளை வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரே மூச்சில் நிரப்புவது என் பழக்கம். டிக், டிக், டிக், டிக். நீலம் என்ற கட்டத்திலும் டிக் விழுந்தது. ஏமாற்ற வேண்டும் என்று போடவில்லை. கை பழக்கத்தில் போட்டது. போட்ட பிறகு பார்த்தேன், அடிக்காமல் விட்டேன். ரிஜிஸ்டரில் அடித்தல் திருத்தல் இருந்தால் எனக்குப் பிடிக்காது.

வெள்ளிக்கிழமை தனம் மைக்ரோஸ்கோப்பில் இருந்து துள்ளி எழுந்தாள். "அக்கா! இங்கன வாங்க, இங்கன வாங்க!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்து பார்த்தேன். ஏழாம் நம்பர் தூளில் மூன்று முருங்கைக்காய். அழகான மூன்று பள்ளம், உடையாத குறுகல் முனை. அவள் என்னைக் கட்டிப்பிடித்தபோது நானும் கட்டிப்பிடித்தேன். நீலம் முக்காதது நினைவுக்கு வந்தது. "ரெண்டு தடவை தேச்சோமே" என்று அதை அமுக்கிவிட்டேன். திங்கட்கிழமை நீலம் வந்தது. அதன்பிறகு ஒரு நாளும் முக்காமல் விட்டதில்லை. அப்படிச் செய்தால் அந்த வியாழக்கிழமை சரியாகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

ஒரு வருடம் ஓடியது. அந்த மூன்று குழாய்களை வைத்து தனம் தீசிஸில் ஒரு அத்தியாயமே எழுதிவிட்டாள். கருத்தரங்கில் கேட்டுவிட்டு வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். தீசிஸ் முடிந்ததும் அங்கே வேலை. அவள் அப்பா அதைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் கல்லூரிக்கே வந்து, "எம் பிள்ளைய வளத்து விட்டது நீங்கதான் தாயி" என்று எனக்கு ஒரு சேலை கொடுத்துவிட்டுப் போனார். அவர் தறியில் நெய்தது. இன்று வரை அதை நான் உடுத்தவில்லை.

தீசிஸ் கொடுக்க இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு மத்தியானம் தனம் செல்போனோடு என் ரூமுக்கு வந்தாள்.

"அக்கா, ஏழாம் நம்பர் சலிச்ச அன்னைக்கு ரிஜிஸ்டர் பக்கத்த ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். மேல் அடுக்குக் கல்லுல இருந்து கலந்த துணுக்கா இருக்குமோன்னு யாராச்சும் கேப்பாகன்னு கைடு சார் சொன்னாக. பின்னிணைப்புல அந்தப் பக்கத்தப் போட்டுட்டா போதும். உங்க டிக் இருக்குல்ல, ஒருத்தரும் வாயத் தெறக்க முடியாது."

"அது... பழைய ரிஜிஸ்டரு, எங்கிட்டோ உள்ள கெடக்கு. நாளைக்குத் தேடித் தாரேன்" என்றேன். ரிஜிஸ்டர் என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. "சரிக்கா, அவசரமில்ல" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அவள் போனபிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்ன டிக். அதுவரை அது என் சோம்பேறித்தனமாகத்தான் இருந்தது. அச்சில் ஏறினால் ஆதாரமாகிவிடும். படிக்கிறவர்கள் தனத்தை நம்புவதற்கு முன்னால் என்னைத்தான் நம்புவார்கள். அப்படி யாரும் என்னை அதுவரை நம்பியதில்லை, அந்த நம்பிக்கை இப்படியா வர வேண்டும் என்று அழுகை வந்தது.

என்னென்னவோ யோசித்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன். ரிஜிஸ்டரைக் கரையான் அரித்துவிட்டது என்று சொல்லலாம். அன்றைக்கு நீலம் பழசாகி வெளுத்திருந்தது என்று பாதி உண்மை சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். சாமியார் என் பாவத்தை மன்னிப்பார், தீசிஸ் பக்கத்தை யார் திருத்துவார்கள்? ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. இந்த விஷயத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவள் தனம். சாரிடம் நேராகப் போய்ச் சொன்னால் அவள் முதுகுக்குப் பின்னால் அவள் வாழ்க்கையைப் பேசினதாக ஆகும்.

மறுநாள் காலையில் அவள் வந்ததும் கதவைச் சாத்தினேன். ரிஜிஸ்டரை அவள் முன்னால் வைத்தேன்.

"தனம், அந்த டிக் பொய்யி ஆத்தா. அன்னைக்கு நீலம் இல்ல. நான் முக்கல. தேச்சுக் கழுவிட்டு ஊத்திட்டேன். காலையில அதே சல்லடையிலதான் பன்னெண்டாம் நம்பர் போயிருந்துச்சு."

அவள் ரிஜிஸ்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்ப ரிஜிஸ்டரைப் பார்த்தாள்.

"வெளையாடாதீகக்கா."

"வெளையாடல."

பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டாள்: "இது வேற யாருக்கும் தெரியுமா?"

"தெரியாது."

"நமக்கு ரெண்டு பேருக்கு மட்டும்தான?"

"ஆமா."

அவள் கேட்டது என்னவென்று எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சரி என்று சொல்ல வாய் வரவில்லை. திடீரென்று அவள் குரல் உடைந்துவிட்டது. "ஏன்க்கா சொன்னீக? ஒரு வருசமா சொல்லாம இருந்தீகல்ல, அப்படியே இருந்திருக்க வேண்டியதுதான? எங்கப்பாகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாண்டுவரை பின்னாலேயே போகலாமா என்று நினைத்தேன். போகவில்லை. என் மனசு ஆறுவதற்காக அவளைத் துரத்துவதும் ஒரு தப்புதான்.

மறுநாள் அவள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. என் மேசைப் பக்கம் வந்து நின்று, "வாங்கக்கா, சார்கிட்ட போவோம்" என்றாள். அவள் முடிவு எடுத்துவிட்டாள் என்று தெரிந்தது. எனக்கு நிம்மதியைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. நான் ஒரு வருடம் எடுத்துக்கொண்டதற்கு அவளுக்கு ஒரு நாள் போதுமாக இருந்திருக்கிறது.

சார் என்றால் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர். பெயர் சொன்னால் திட்டுவார், அதனால் சார் என்றே இருக்கட்டும். கோபக்காரர். சாக்பீஸ் உடைந்தாலே கத்துகிறவர். நான் சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். இப்போது வெடிக்கும், இப்போது வெடிக்கும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஏழாம் நம்பர் கல்லு எம்புட்டு மிச்சம் இருக்கு?"

நீங்கள் இந்த வேலையில் இருக்கும்வரை அந்தக் கேள்வியை மறக்காதீர்கள். யார் செய்தது, ஏன் செய்தது, ஆபீஸ் ஏன் நீலம் வாங்கவில்லை என்று கேட்க அவரிடம் ஆயிரம் இருந்தது. எல்லாவற்றையும் பிறகு கேட்டார், வட்டியும் முதலுமாகத் திட்டினார், அது தனிக்கதை. அன்றைக்கு, அந்த நிமிடத்தில், எது தெரிந்தால் அடுத்து ஒரு அடி வைக்கலாமோ அதை மட்டும் கேட்டார். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

எந்தக் கல்லையும் இரண்டாக உடைத்து ஒரு பாதியைக் கரைக்காமல் வைப்பது நம் ரூம் வழக்கம். அந்தப் பாதிக்கல் இருந்தது. தேங்காய் அளவுக்கு. தீசிஸ் கெடுவைத் தள்ளி வைத்தார்கள். நான் கல்லை உடைத்து ஆசிட்டில் போட்டேன். ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் தனம் தினமும் வந்தாள், என்னோடு பேசவில்லை. "அக்கா" என்றுகூடக் கூப்பிடவில்லை. சாப்பாட்டு வேளையில் எப்போதும் என்னோடு உட்காருகிறவள் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சலிக்கும் நாளில் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினேன். அதே பழைய சல்லடை. அன்றைக்குக் கழுவிய மாதிரியே அவள் பார்க்கக் கழுவினேன், இரண்டு தடவை தேய்த்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். பளிச்சென்று இருந்தது. பிறகு நீலத்தில் முக்கி எடுத்து, அலசி, ஏழாம் நம்பரின் மிச்சத்தை ஊற்றினேன்.

தூளை இரண்டு பங்காகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தோம். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. திரும்பினேன். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"நீங்க பாருங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். கறுப்புத் தட்டின் நடுவில் ஒரே ஒரு முருங்கைக்காய். மூன்று பள்ளம், உடையாத குறுகல் முனை, எல்லாம் சரியாக இருந்தது. நல்ல நீலம்.

சல்லடையைக் கவிழ்த்து மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்துப் பார்த்தோம். பித்தளைக் கம்பிகளுக்கு நடுவில் குறுகல் முனையைச் செருகிக்கொண்டு இன்னும் இரண்டு, ஆணி அடித்த மாதிரி. மேலிருந்து எத்தனை தடவை தேய்த்தாலும் இன்னும் இறுகத்தான் செய்யும். அடியிலிருந்து தேய்க்க வேண்டும் என்பது இருபது வருடத்துக்குமேல் சலித்த எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். முதலில் கிடைத்த அந்த மூன்றும் பன்னிரண்டாம் நம்பரிலிருந்து வந்தவைதான் என்று அந்த நீலக் குழாய் நிரூபிக்கவில்லை. அவை உண்மையிலேயே ஏழாம் நம்பரில் இருந்திருக்கலாம். இனி யாராலும் சொல்ல முடியாது. இருந்திருந்தால் நான் ஒரு உண்மையை அழித்தேன், இல்லாதிருந்தால் ஒரு பொய்யை உண்டாக்கினேன். இரண்டில் எது என்றுகூட எனக்குத் தெரியாது. பாவமன்னிப்புக் கேட்கக்கூட எதற்கென்று சொல்லத் தெரியவில்லை.

தனம் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டாள். வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்குத் தானே கடிதம் எழுதினாள். அவர்கள் மரியாதையாகப் பதில் போட்டார்கள். உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம், இந்த வருடம் இடம் இல்லை என்று. அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் படிக்க வேண்டும் என்றுதான் வைத்தாள். படித்தேன்.

வைவா அன்றைக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தீசிஸில் எடுத்துவிட்ட அத்தியாயத்துக்குப் பதிலாக ஒரே ஒரு பக்கம் சேர்த்திருந்தாள். அதில் அந்த நீலக் குழாயின் படம், என்ன நடந்தது என்று பத்து வரி. என் பெயர் இல்லை. "சலிக்கும் முன் சல்லடை நீலத்தில் முக்கப்படவில்லை" என்று மட்டும் இருந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டி, "இது எதுக்கும்மா? தோத்துப் போன வேலைய யாராவது படம் போட்டுக் காட்டுவாங்களா?" என்று கேட்டார். தனம் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"அது இல்லாட்டி மத்த பக்கத்த எல்லாம் நீங்க எதுக்கு சார் நம்பணும்?" என்றாள்.

பட்டம் கிடைத்தது. மதுரையில் ஒரு கல்லூரியில் வேலையும் கிடைத்தது. வெளிநாடு போகவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன், ஆனால் அதை வைத்து நான் என் கணக்கை நேர் செய்துகொள்ள மாட்டேன். அவள் போக வேண்டிய இடம் வேறு. என்னால் போகவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு ஆறு மாதம் முன்னால் ஆய்வுக்கூட வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தனம் இறங்கினாள். வைவாவுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஆட்டோவிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இழுத்து இறக்கினாள். லீவில் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அதே பாறைச் சரிவுக்குத் திரும்பப் போயிருக்கிறாள். அதே ஏழாம் நம்பர் அடுக்கு. இந்தத் தடவை ஒரு மூட்டை நிறைய.

"வா தனம், உக்காரு" என்றேன்.

"உக்கார நேரமில்லக்கா." அக்கா என்றாள். எத்தனை வருடத்துக்குப் பிறகு. "ஒன்னு சொல்லிட்டுப் போறேன். உங்கள மன்னிச்சிட்டேன்னு எல்லாம் சொல்லமாட்டேன். எனக்கு அப்படித் தோணல. ஆனா மருதையில எங்க ஆய்வுக்கூடத்துல ஆளு இருக்காக, அவுககிட்ட குடுக்க எனக்கு மனசு வரல. இந்தக் கல்ல நீங்கதான் கழுவணும்."

கையெடுத்துக் கும்பிடப் போனேன். "அதெல்லாம் வேணாங்கக்கா" என்று ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

அந்த ஆறு மாதத்தில் பாதி மூட்டையைக் கரைத்தேன். ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து தேய்த்து, நீலத்தில் முக்கி, முக்கியவுடனே ரிஜிஸ்டரில் டிக் போட்டு, பிறகுதான் கையைத் துடைத்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுக்கு மாதாமாதம் போன் செய்து, "இல்ல தனம்" என்று சொல்வேன். "சரிக்கா" என்பாள். அதற்குமேல் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. எனக்கு அது போதும் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்காக மாதம் முழுக்கக் காத்திருப்பேன்.

மிச்சமுள்ள பாதி மூட்டை ஆசிட் ரூமில், ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. ஏழு என்று சாக்கின் மேல் பெயிண்டில் எழுதியிருக்கும். இனி அது உங்கள் வேலை. ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். கிடைத்தால் துள்ளிக் குதிக்காதீர்கள், என்னையும் கூப்பிடாதீர்கள். முதலில் அது என்ன நிறம் என்று பாருங்கள். பிறகு தனத்துக்குப் போன் பண்ணுங்கள்.